வீட்டுப் புல்தரைக்கு நீர்த் தெளிப்பான் தேர்ந்தெடுத்தல்

வட இந்தியச் சமவெளியில் ஏப்ரல் கழிந்து ‘லூ’ என்னும் வறண்ட வெப்பக்காற்று வீசத் தொடங்கியதும் வீட்டுத் தோட்டங்களின் நிறம் மாறிவிடுகிறது. மார்ச் முடியும்வரை பசுமையாக இருந்த புல்தரை ஓரங்களில் பழுத்து, நடுவில் திட்டுத்திட்டாகக் காய்கிறது. வீட்டுக்காரர் கடைக்குச் சென்று ஒரு தெளிப்பானை வாங்கி வருகிறார். பெட்டியின்மேல் அச்சிட்ட படத்தில் அது வெகுதூரத்துக்கு நீரை வீசுகிறது. வீட்டுக் குழாயில் மாட்டியதும், சுழலவேண்டிய அதன் கை அசையாமல் நின்று, தன் காலடியில் மட்டும் நீரைக் கொட்டுகிறது. கடைக்காரர் மாற்றித் தந்த இரண்டாவது கருவியும் அவ்வாறே செய்கிறது. பழுது கருவியில் இல்லை. அக்கருவி கேட்கும் அழுத்தம் அவ்வீட்டுக் குழாயில் இல்லை என்பதே காரணம்.

கடைகளில் ‘ஸ்பிரிங்க்ளர்’ என வழங்கும் இச்சாதனம் இக்கட்டுரையில் தெளிப்பான் என்றே குறிக்கப்படுகிறது. இதை வாங்குமுன் அறியவேண்டியவை மூன்று: புல்லுக்கு எவ்வளவு நீர் தேவை, மண் எவ்வளவு நீரை எவ்வளவு விரைவில் ஏற்கும், வீட்டுக் குழாய் எவ்வளவு தரும். பெரும்பாலோர் இம்மூன்றையும் விட்டுவிட்டு விலையையும் படத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றனர்.

புல்லின் தேவை

தோட்டத்துக்கு விடும் நீரை லிட்டரில் கணக்கிடுவதைவிட மழையை அளப்பதுபோல் மில்லிமீட்டரில் கணக்கிடுவது எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் சரியாக ஒரு லிட்டர் ஆகும். ஆகவே 10 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள ஒரு புல்தரைக்கு ஒரு மில்லிமீட்டர் நீர் விடுவதென்றால் 80 லிட்டர் வேண்டும். இந்த 80 சதுர மீட்டர் புல்தரையையே இக்கட்டுரை முழுவதிலும் உதாரணமாகக் கொள்வோம்.

மண்ணிலிருந்து நேராகவும் இலைகளின் வழியாகவும் ஆவியாகிச் செல்லும் நீரை ஈடுசெய்வதே நீர்ப்பாய்ச்சலின் நோக்கம். இவ்வளவு ஆவியாகிறது என்பதை வானிலை நிலையங்கள் அன்றாடம் அறிகின்றன. சுமார் 120 சென்டிமீட்டர் விட்டமும் 25 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள வட்டத் தொட்டியில் நீரை வைத்து, அதன் மட்டம் தினந்தோறும் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பர். இந்தியாவில் இத்தொட்டியின்மேல் கம்பிவலை போர்த்தப்பட்டிருக்கும். தாகமெடுத்த பறவைகள் குடித்த நீரும் ஆவியான நீராகக் கணக்கில் ஏறிவிடக்கூடாது அல்லவா! இவ்வகை அளவுகளையும் வெயில், காற்று, ஈரப்பதம் ஆகியவற்றையும் கொண்டு பயிரின் தேவை மதிப்பிடப்படுகிறது. டில்லியில் நன்கு நீர் பெற்ற குட்டையான பசும்பரப்பு ஒன்று ஜனவரியில் நாளொன்றுக்குச் சுமார் 2 மில்லிமீட்டரும், மே, ஜூன் மாதங்களில் சுமார் 8 மில்லிமீட்டரும் இழக்கும் எனக் கொள்ளலாம். வெப்பத்தைத் தாங்கும் புல்வகைகளுக்கு இதில் பத்தில் ஏழு பங்கு போதும். நம் அருகம்புல் இவ்வகையைச் சேர்ந்தது. வடநாட்டார் இதையே ‘தூப்’ என்பர். பெரும்பாலான புல்தரைகளில் இருப்பது இதன் இனமே.

ஆக, மே மாதத்தில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5.6 மில்லிமீட்டரும், ஜனவரியில் 1.4 மில்லிமீட்டரும் தேவை. நம் உதாரணப் புல்தரைக்கு முன்னதில் நாள்தோறும் 448 லிட்டர். பின்னதில் 112 லிட்டர். ஆண்டு முழுவதும் ஒரே அளவாக நீர்விடும் தோட்டக்காரர் குளிர்காலத்தில் நான்கு பங்கு நீரை விடுகிறார், அல்லது கோடையில் கால்பங்கே விடுகிறார்.

மண் என்னும் தொட்டி

தினந்தோறும் சிறிது சிறிதாக நீர்விடுவது புல்லுக்கு நன்மையன்று. மேலே இரண்டு அங்குலம் மட்டும் நனைந்தால் வேர்களும் அவ்வளவிலேயே நின்றுவிடும். ஒருநாள் நீர் தவறினாலும் புல் துவளும். மண்ணை ஒரு தொட்டியாகக் கருதி, பாதி காலியானபின் நிரப்புவதே முறை. வண்டல் கலந்த நடுத்தர மண், ஒரு மீட்டர் ஆழத்தில் செடிக்குப் பயன்படக்கூடிய நீரைச் சுமார் 150 மில்லிமீட்டர் அளவுக்குப் பிடித்து வைக்கும். புல்லின் வேர் 20 சென்டிமீட்டர் ஆழம் சென்றிருந்தால் அதன் எல்லைக்குள் இருப்பது 30 மில்லிமீட்டர். அதில் பாதி, அதாவது 15 மில்லிமீட்டர், செலவானதும் நீர் விடவேண்டும். மே மாதத்தில் இது மூன்று நாட்களுக்கு ஒருமுறை வரும். ஜனவரியில் பத்துப் பதினோரு நாட்களுக்கு ஒருமுறையே போதும். மணற்பாங்கான மண்ணில் பிடிப்பு இதில் பாதிகூட இராது. அங்கே கோடையில் ஏறத்தாழ நாள்தோறும் நீர்விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

மண் நீரை உறிஞ்சும் வேகமும் இதே அளவு முக்கியமானது. மணி ஒன்றுக்கு மணற்பாங்கான மண் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை, நடுத்தர மண் 10 முதல் 20 வரை, களிமண் 1 முதல் 5 வரை ஏற்கும் என்பது பொதுவான அளவு. தெளிப்பான் இதைவிட வேகமாக நீரைப் பொழிந்தால் மிகுதி நீர் நடைபாதைக்கும் சாக்கடைக்கும் ஓடிவிடும். நிலையான துளைத்தலை உள்ள தெளிப்பான்கள் சில மணிக்கு 40 மில்லிமீட்டர் வரை பொழிகின்றன. களிமண் நிலத்தில் இவற்றைப் பொருத்திவிட்டு, ‘ஒருமணி நேரம் விட்டும் மண் நனையவில்லை’ என்று குறைகூறுவோர் பலர். அத்தகைய நிலத்தில் பத்து நிமிடம் விட்டு, முக்கால் மணி நிறுத்தி, மீண்டும் பத்து நிமிடம் விடுவதே வழி.

அழுத்தம்

தெளிப்பானைத் தேர்ந்தெடுப்பதில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அழுத்தம். நீரின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது. பத்து மீட்டர் உயரத்தில் நிற்கும் நீர் கீழே ஏறத்தாழ ஒரு ‘பார்’ அழுத்தம் தரும். 1619-ஆம் ஆண்டில் ஜஹாங்கீர் காஷ்மீரத்தில் அமைக்கத் தொடங்கிய ஷாலிமார் தோட்டத்தில் கால்வாய்களும் நீரூற்றுகளும் எந்த இயந்திரமும் இன்றி மலைச்சரிவின் உயர வேறுபாட்டினாலேயே இயங்கின. நம் வீடுகளில் மலைச்சரிவுக்குப் பதில் மாடித்தொட்டி இருக்கிறது. இரண்டு மாடி வீட்டின் மேல்தளத் தொட்டியின் அடிப்புறம் தரையிலிருந்து சுமார் 7 மீட்டர் உயரம் இருக்கும். ஆகவே தோட்டத்துக் குழாயில் கிடைக்கும் அழுத்தம் 0.7 பார் மாத்திரமே. நீர் ஓடத் தொடங்கியதும் குழாய்களின் உராய்வினால் இதுவும் குறையும்.

இனி, கருவிகள் கேட்பது என்ன? சுத்தியல்போல் ஒரு கை அடித்து அடித்துத் திரும்பும் மோதல் தெளிப்பானும், பல்சக்கரத்தால் சுழலும் தெளிப்பானும் இரண்டரை முதல் மூன்று பார் வரை கேட்கும். நிலத்தினுள் புதைந்திருந்து, நீர் வரும்போது எழும்பும் நிலைத்தலைத் தெளிப்பானுக்கு இரண்டு பார் வேண்டும். குறுக்குக் குழாய் இப்புறமும் அப்புறமும் ஆடும் தெளிப்பானும் ஏறக்குறைய அவ்வளவே கேட்கும். நுண்தெளிப்பான்கள் ஒன்று முதல் இரண்டு பாரில் இயங்கும். சொட்டுநீர்க் குழாய்களில் சிறு தோட்டத்துக்கென அமைந்த வகைகள் ஒன்றிரண்டு மீட்டர் உயரத்தில் வைத்த தொட்டியிலிருந்தும் இயங்கக்கூடியவை.

இவ்வெண்களைப் பார்த்ததும் முன்சொன்ன வீட்டுக்காரரின் புதிர் விடுபடும். மோதல் தெளிப்பான் 1930-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உருவாயிற்று. ஆர்ட்டன் எங்கிள்ஹார்ட் என்பவர் 1935-இல் அதற்கு உரிமை பெற்றார். நகரக் குழாயில் இரவும் பகலும் மூன்று பார் அழுத்தம் கிடைக்கும் நாட்டின் வீட்டுத் தோட்டத்தில் அது இயல்பாகப் பொருந்தும். நாளில் ஒன்றிரண்டு மணிநேரம் மட்டும் நீர் வந்து, அதை நிலத்தடித் தொட்டியில் பிடித்து, மாடித்தொட்டிக்கு ஏற்றிப் பின் இறக்கும் வீட்டில் அது தானாகப் பொருந்தாது.

இதற்குத் தீர்வு உண்டு. தொட்டியிலிருந்து நீரை எடுத்து அழுத்தம் கூட்டித்தரும் அரைக் குதிரைசக்திப் பம்பு ஒன்று சாதாரணத் தோட்டத்துக்குப் போதுமானது. வாங்கும்போது, வேண்டிய ஓட்டத்தில் அது 25 மீட்டர் உயர அழுத்தம் தருமா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளவேண்டும். ஆனால் பம்பை நகரக் குழாயில் நேராகப் பொருத்தவே கூடாது. பல நகரங்களில் இது விதிகளுக்கு மாறானது என்பது ஒருபுறமிருக்க, பம்பு இழுக்கும்போது தெருக்குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்து, விரிசல்களின் வழியே சாக்கடை நீர் உட்புகக்கூடும். ஒருவர் புல்லின் பசுமைக்காக அத்தெரு முழுவதும் வயிற்றுப்போக்கில் வீழலாம்.

குழாயின் ஓட்டத்தை அறிவது மிகவும் எளிது. 15 லிட்டர் வாளி ஒன்றை வைத்து, குழாயை முழுதும் திறந்து, நிரம்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். 75 வினாடியில் நிரம்பினால் ஓட்டம் நிமிடத்துக்கு 12 லிட்டர். இதைவிட அதிகம் கேட்கும் தெளிப்பானைப் பம்பு இன்றி வாங்கிப் பயனில்லை. நீள்குழாயின் விட்டமும் கவனிக்கத்தக்கது. ஒரே ஓட்டத்தில், உள்விட்டம் பாதியாகக் குறைந்தால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 32 மடங்கு பெருகும். அரை அங்குலக் குழாயில் ஐம்பது மீட்டர் நீளம் நீரைக் கொண்டுசென்றபின் கருவியைக் குறைகூறுவது நியாயமன்று. முக்கால் அங்குலமோ ஒரு அங்குலமோ உள்ள குழாய்க்குச் சிறிது கூடுதலாகச் செலவிடுவது பெரும்பாலும் புதிய தெளிப்பானைவிட அதிகப் பலன் தரும்.

தகர டப்பாச் சோதனை

எந்தத் தெளிப்பானும் எல்லா இடத்திலும் ஒரே அளவாக நீரைப் பொழிவதில்லை. வட்டமாகச் சுழலும் கருவியைச் சதுர நிலத்தின் நடுவே வைத்தால், வட்டம் எல்லைகளைத் தொட்டாலும் நான்கு மூலைகளிலுமாக 21.5 சதவீதப் பரப்பு நனையாமலே நிற்கும். மூலைகளை நனைக்க வட்டத்தைப் பெரிதாக்கினால் மதிலும் தெருவும் நனையும். நீள்சதுரப் புல்தரைக்கு ஆடும் குறுக்குக்குழாய் வகையைப் பலர் விரும்புவது இதனால்தான். அன்றியும் பெரும்பாலான தெளிப்பான்கள் அருகில் மிகுதியாகவும் தொலைவில் குறைவாகவும் பொழிகின்றன. ஆகவே நிலையாகப் பொருத்தும்போது ஒரு தெளிப்பானின் நீர் அடுத்த தெளிப்பானின் அடிவரை எட்டும்படி நெருக்கமாக அமைக்கவேண்டும். செலவைக் குறைக்க எண்ணித் தலைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்குவோர், இடையே காயும் வளையங்களை நனைப்பதற்காகப் பின்னர் ஆண்டுதோறும் அதிக நீரைச் செலவழிக்கின்றனர்.

இச்சமச்சீரை அளக்கும் முறையை 1942-இல் கிறிஸ்டியான்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலறிஞர் வெளியிட்டார். அவர் வகுத்த சூத்திரம் வயல்களுக்கானது. வீட்டுக்கு அதைவிட எளிய வழி போதும். நேரான பக்கங்களும் ஒரே அளவும் உள்ள தகர டப்பாக்கள் பதினாறைப் புல்தரையில் நாலுக்கு நாலாகப் பரப்பி, காற்றில்லாத காலையில் தெளிப்பானை ஒருமணி நேரம் இயக்கி, ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிமீட்டர் நின்றது என்று அளவுகோலால் பார்க்கவேண்டும். எல்லாவற்றின் சராசரி 8 மில்லிமீட்டர் என்றும், மிகக் குறைந்த நான்கின் சராசரி 6 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், சமச்சீர் 75 சதவீதம். வீட்டுத் தோட்டத்துக்கு இது மோசமில்லை. 50 சதவீதத்துக்குக் கீழ் வந்தால் தெளிப்பானின் இடத்தையோ அழுத்தத்தையோ மாற்றாமல் நேரத்தை மட்டும் கூட்டுவது வீண்.

இனி நம் உதாரணத்தின் கணக்கை முடிக்கலாம். மே மாதத்தில் மூன்று நாட்களின் இழப்பு 16.8 மில்லிமீட்டர். சமச்சீர் 75 சதவீதமாகையால் குறைவாகப் பெறும் பகுதிக்கும் போதுமாறு 22.4 மில்லிமீட்டர் விடவேண்டும். 80 சதுர மீட்டருக்கு இது 1,792 லிட்டர். நிமிடத்துக்கு 12 லிட்டர் ஓட்டத்தில் இரண்டரை மணிநேரம் ஆகும். பொழிவு வேகம் மணிக்கு 9 மில்லிமீட்டராதலால் நடுத்தர மண் இதனை ஓடவிடாமல் ஏற்றுக்கொள்ளும்.

எவ்வளவு புல் வேண்டும்?

இந்த 1,792 லிட்டர் என்னும் எண்ணைச் சற்று நின்று நோக்கவேண்டும். நீரோட்டக் கழிப்பிட வசதியுள்ள நகர வீடுகளுக்கு ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் பின்பற்றப்படும் திட்ட அளவு. அதன்படி, ஒரு சிறு புல்தரை ஒரே வேளையில் பருகுவது பதின்மூன்று பேருக்கு ஒருநாள் போதுமான நீர். 2024 மார்ச்சில் பெங்களூரு நகரக் குடிநீர் வாரியம், தோட்டத்துக்கும் வாகனம் கழுவுவதற்கும் குடிநீரை உபயோகிப்பதைத் தடைசெய்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. ஆண்டு முழுவதும் தூறல் விழும் இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கம் புல்தரை. டில்லியிலோ மழையின் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் பெய்து முடிகிறது. ஆகவே தெளிப்பானைத் தேர்ந்தெடுக்குமுன் புல்தரையின் அளவைத் தேர்ந்தெடுப்பது தகும். குழந்தைகள் விளையாடவும் மாலையில் அமரவும் வேண்டிய இடத்தை விட்டு, மதிலோரம், மரநிழல், மூலை முடுக்குகள் ஆகியவற்றைப் புதர்ச்செடிகளுக்குக் கொடுத்துவிடலாம். 80 சதுர மீட்டரை 40 ஆக்கினால் சேமிப்பாகும் நீர், எந்த விலையுயர்ந்த கருவி தருவதையும்விட அதிகம்.

புதர்களுக்கும் தொட்டிச் செடிகளுக்கும் தெளிப்பான் பொருந்தாது. இலைமேல் விழும் நீர் வேருக்குச் செல்வது குறைவு. ரோஜாவின் இலைகளில் நெடுநேரம் ஈரம் நின்றால் கரும்புள்ளி நோயும் வரும். இவற்றுக்குச் சொட்டுநீர் முறையே சிறந்தது. மணிக்கு 2, 4, 8 லிட்டர் விடும் சொட்டுவான்கள் கிடைக்கின்றன. சிறு பூந்தொட்டிக்கு 2 லிட்டர் வகை ஒன்று. இடுப்பளவுப் புதருக்கு 4 லிட்டர் வகை இரண்டு, தண்டை ஒட்டாமல் இருபுறமும். ஆனால் புல்தரையையும் செடிகளையும் ஒரே திறப்பின்கீழ் இணைக்கக் கூடாது. ஒன்றுக்குப் போதுமானது மற்றொன்றுக்கு மிகையாகும். தனித்தனி வால்வு வைப்பது இன்றியமையாதது.

சொட்டுவானின் பகை உப்பும் தூசியும். ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினமானதாயின் துளைகளில் சுண்ணாம்பு படியும். 120 கண் சல்லடை வடிகட்டி ஒன்று தொடக்கத்திலேயே இருக்கவேண்டும். அதை மாதம் இருமுறையாவது கழற்றிக் கழுவவேண்டும். உப்பு மிகுந்த நீரைத் தெளிப்பானால் இலைமேல் பொழிந்தால், நீர் உலர்ந்தபின் உப்பு தங்கி இலை நுனிகள் கருகும். வீடுகளில் குடிநீரைச் சுத்திகரிக்கும் சவ்வூடு இயந்திரங்கள் கழித்துவிடும் நீரைப் பலர் செடிகளுக்கு ஊற்றுகின்றனர்; மூலநீர் உப்புக் குறைந்ததாயின் இதனால் தீங்கில்லை, உவர்நீராயின் கழிவில் உப்பு மேலும் செறிந்திருக்கும் என்பதை நினைவிற்கொள்ளவேண்டும். குளியலறை நீரையும் பாத்தி வழியாக மண்ணுக்குள் விடலாமேயன்றித் தெளிப்பான் வழியே காற்றில் தூவலாகாது.

வாங்கும்போது தரக்குறியையும் பார்க்கவேண்டும். சுழலும் தெளிப்பான்களுக்கு ஐ.எஸ். 12232, சொட்டுவான்களுக்கு ஐ.எஸ். 13487, பக்கக் குழாய்களுக்கு ஐ.எஸ். 12786 என இந்தியத் தரங்கள் உள்ளன. பெட்டியில் வீச்சுத் தூரம் மட்டும் அச்சிட்டு, எந்த அழுத்தத்தில் அத்தூரம், அப்போது ஓட்டம் எவ்வளவு என்று குறிக்காத கருவியை வாங்காதிருப்பதே நலம்.

நீள்குழாயின் நுனியை வாளியிலோ மருந்துக் கரைசலிலோ மூழ்கவிட்டு அப்பால் செல்வது தோட்டங்களில் சாதாரணமாகக் காணும் பழக்கம். அவ்வேளை குழாயில் அழுத்தம் குறைந்தால் அந்நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுச் சமையலறைக் குழாயிலும் வரக்கூடும். தோட்டக் குழாயின் தொடக்கத்தில் ஒருவழி வால்வு ஒன்று பொருத்துவதற்கு ஆகும் செலவு சொற்பமே. பூச்சிமருந்து கலக்கும் வீடுகளில் இதை விலக்கக் கூடாது.

நீர்விட ஏற்ற வேளை சூரியோதயத்துக்குச் சற்று முன். அப்போது காற்று அடங்கியிருக்கும், ஆவியாதலும் குறைவு. மாலையில் விட்டால் புல் இரவு முழுவதும் ஈரமாயிருந்து பூஞ்சண நோய்க்கு இடம் தரும். விடியற்காலையில் எழ இயலாதோர்க்கு நேரக்கருவியுடன் கூடிய வால்வு உதவும். ஆனால் ஜூலையில் முதல் நல்ல மழை பெய்ததும் அதை நிறுத்த மறப்போர் ஏராளம். கொட்டும் மழையில் தெளிப்பானும் சுழன்றுகொண்டிருக்கும் காட்சி, அரசாங்கத் தோட்டங்களிலும் காணக்கூடியதே. மழைக்காலத்தில் ஒரு தகர டப்பாவைப் புல்தரையில் வைத்து, அதில் 15 மில்லிமீட்டர் நீர் சேர்ந்தால் அடுத்த முறை நீர்விடுவதைத் தள்ளிவைக்கலாம். அளந்தவுடன் அதைக் கவிழ்த்துவிடவேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு, தேங்கிய சிறிதளவு நீரிலும் பத்து நாட்களுக்குள் முட்டையிலிருந்து சிறகு முளைத்து வெளிவந்துவிடும்.